ரியூப் துண்டு

புது இறப்பர்ச் சீல் கிழிந்தபோது சத்தமே வரவில்லை. விரலுக்குள் ஏதோ இளகியது போல இருந்தது. குனிந்து பார்த்தால் கறுப்பு வளையத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. தயாநிதி நிமிர்ந்து களஞ்சிய வாசலைப் பார்த்தான். ஒருவரும் இல்லை. மாடுகளுக்காகக் கட்டிய அந்தக் களஞ்சியத்துக்குள்தான் ஹெர் லூத்தி ஒன்பது வருடமாகப் பலகையும் துணியும் தகரமும் சேர்த்துத் தன் கையாலேயே ஒரு விமானம் செய்திருந்தார். சுவிஸில், லாங்கன்தால் என்ற ஊரில் அவருக்கு ஒரு ரெஸ்ரோறன்ற். தயாநிதி அங்கே கோப்பை கழுவுகிறவன். தான் ஊரில் தண்ணீர்ப் பம்ப் திருத்தினவன், சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு என்ன நோய் என்று சொல்லுகிறவன் என்று ஒருநாள் வாயைக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து விமானத்தின் எண்ணெய் வேலையெல்லாம் அவன் தலையில்.

எஞ்சினுக்குக் காற்று போகிற வழியில், காற்றுப்பெட்டியும், காற்றோடு பெற்றோலைக் கலக்கிற காபரேற்றரும் சேருகிற இடத்தில் இருக்கும் இறப்பர் வளையம் அது. பழையது தேய்ந்து போய்விட்டதென்று லூத்தி மூன்று கிழமை காத்திருந்து புதிது எடுப்பித்தார். ஞாயிற்றுக்கிழமை பறக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அதைத்தான் இவன் வெள்ளிக்கிழமை நெம்பி மாட்டப்போய்க் கிழித்துவிட்டான்.

போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் தலைநகர் பேர்ணிலிருந்து அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மேன்முறையீட்டோடு வைக்க முதலாளியின் நற்சாட்சிக் கடிதம் வேண்டும். திங்கள் தருகிறேன் என்று லூத்தி சொல்லியிருந்தார். சாமானை நாசமாக்கியவனுக்கு எவன் நற்சாட்சி கொடுப்பான்? திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியவுடனேயே பிடிப்பார்கள். மூளை அங்கே போய் நின்றதும் கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கியது. சுவரில் தொங்கிய பழைய சைக்கிளின் ரியூப்பை உருவி, அளவாக வெட்டி, சீலுக்குப் பதிலாகச் சொலூசன் பசை பூசி ஒட்டினான். யாழ்ப்பாணத்தில் உதிரிப்பாகம் கிடையாத காலத்தில் எத்தனை பம்புக்கு இப்படிச் செய்திருக்கிறான். வேலை வடிவாகவே முடிந்தது. கிழிந்த சீலைக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

சனி மத்தியானம் களஞ்சியத்தில் வேலைக் கருவிகளைத் துடைக்கப் போனபோது, வெட்டிய ரியூப்பின் மிச்சத் துண்டு பெற்றோல் இருந்த தகரப் பேணிக்குள் விழுந்து கிடந்தது. எடுத்தான். இரண்டு மடங்கு தடித்திருந்தது. கிள்ளினால் ஊறிய அப்பளம் போலக் கையோடு வந்தது. காபரேற்றரிலிருந்து பெற்றோல் கசிகிற இடத்தில்தான் அவன் ஒட்டின மற்றத் துண்டு இருக்கிறது. அது பிய்ந்தால் எஞ்சின் உள்ளே இழுத்து, மூச்சடைத்து நின்றுவிடும். ஊரிலும் ரியூப் ஊறித்தான் இருக்கிறது, பம்ப் நின்றுதான் இருக்கிறது. தோட்டக்காரன் வந்து கூப்பிடுவான், இவன் போய் இன்னொரு துண்டு வெட்டிப் போடுவான். அதை ஒரு பிழையென்று அவன் நினைத்ததே இல்லை. இது நின்றால் வானத்தில் நிற்கும்.

அறையில், அவனோடு தங்கியிருக்கும் அரசரத்தினம் சோறு வடித்துக்கொண்டிருந்தார். இங்கத்தை ஜேர்மன் பாஷை, டொச், தெரிந்தவர். அங்குள்ள தமிழ்ப் பெடியளின் கடிதமெல்லாம் அவர்தான் வாசித்துச் சொல்லுவார். தயாநிதி நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னான்.

“சொல்லத்தான் வேணும் அண்ணை.”

“சொல்லு. ஆர் வேண்டாமெண்டது? கடிதத்தை வாங்கிப்போட்டுச் சொல்லு.”

“நாளைக்கெல்லோ பறக்கிறார்.”

அரசரத்தினம் கஞ்சியை வடித்து முடித்தார். “ஒரு நாளில ஒண்டும் ஆகாது,” என்றார். எஞ்சினைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அது தெரிந்தும் தயாநிதி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டான். அவர் தொடர்ந்தார்: “கடிதத்தில ‘சுவேலேசிக்’ எண்டு ஒரு சொல் இருக்கோ பார். நம்பி ஒப்படைக்கலாம் எண்டு அர்த்தம். அது முக்கியம்.”

ஆனால் விடிந்ததும் மனம் கேட்கவில்லை. சொல்லிவிடுவதென்றே சைக்கிளை மிதித்து ஊருக்கு வெளியே இருந்த புல்வெளி ஓடுதளத்துக்குப் போனான். இழுவை வண்டியிலிருந்து இறக்கிய விமானம் வெயிலில் நின்றது. லூத்தி இவனைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். மனைவி நேற்றே தட்டச்சு செய்துவிட்டாள், திங்கள் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்றார். தயாநிதி பிரித்தான். கீழே கையெழுத்து. மூன்றாவது வரியில் அரசரத்தினம் சொன்ன அந்தச் சொல்.

லூத்தி விமானத்தின் மூக்கைத் தட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். “குட்?”

தயாநிதி கடிதத்தை உறைக்குள் திரும்ப வைத்தான். இப்போது சொன்னால் உறையைத் திரும்பக் கேட்பார். கேட்கமாட்டாரோ என்னவோ. அதை யோசிக்கிற நேரத்துக்குள் வாய் சொல்லிவிட்டது.

“யா. குட்.”

விமானம் புல்லில் குலுங்கி ஓடி எழுந்தது. தயாநிதி காதைக் கொடுத்து நின்றான். சத்தம் சுத்தமாகத்தான் இருந்தது. காட்டு மலைக்கு மேலாகத் திரும்பி, மலைக்கு அப்பால் தாழ்ந்து கண்ணுக்கு மறைந்தது. சத்தம் மெலிந்தது. பிறகு கேட்கவில்லை. தூரத்தாலா, வேறெதனாலா என்று, சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லுகிறவனால் சொல்ல முடியவில்லை. கை காற்சட்டைப் பைக்குள் போனது. கிழிந்த வளையம் அங்கேயே இருந்தது.

லூத்தியின் மனைவி புல்லில் துணி விரித்து, பிளாஸ்கிலிருந்து மூன்று கோப்பைகளில் கோப்பி ஊற்றினார். ஒன்றை இவனிடம் நீட்டினார். மூன்றாவது, லூத்தி வரும்வரை ஆறிவிடாமலிருக்க, ஒரு தட்டால் மூடிவைத்தார்.