ஆறு மணி வரை கீழே

செமிகோலன் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று அந்த அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் யாருடைய புரோகிராம் முரண்டு பிடித்தாலும் அக்கா அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாள். கையிலிருக்கும் டீக் கோப்பையைக் கீழே வைக்காமலே, "நாப்பத்திரெண்டாவது வரி. கடைசியில செமிகோலன் எங்கே?" என்பாள். போய்ப் பார்த்தால், வரி முடிவில் வைத்தே ஆக வேண்டிய அந்த அரைப்புள்ளி அங்கேதான் விட்டுப்போயிருக்கும். அப்படி வந்த பட்டம் அது.

இப்போது பட்டத்துக்கு வேலையில்லை. செமிகோலனை யாரும் விடுவதில்லை. யாராவது எழுதினால்தானே விடுவதற்கு? எழுதுவதெல்லாம் மாப்பிள்ளை. புரோகிராம் எழுதித் தரும் அந்த ஏஐ உதவியாளருக்கு வேறு ஏதோ பெயர் உண்டு. வந்த நாள் முதல் மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை அதைத் தாங்கு தாங்கென்று தாங்கியதைப் பார்த்து அக்காதான் "மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தாள், ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை எழுதுவார், அக்கா படித்துப் பார்த்து 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துவாள்.

"ஒரு நாளைக்கு அறுபது தடவை சம்மதம் சொல்றேன்மா. என் கல்யாணத்துக்கே ஒரு தடவைதான் சொன்னேன்," என்று டீம் லீடர் பெண்ணிடம் ஒருநாள் சொன்னாள். அந்தப் பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

காரணம் வீட்டில் இருந்தது. அக்காவின் வீட்டுக்காரரும் அதே தொழில்தான். அவருடைய கம்பெனிக்கும் ஒரு மாப்பிள்ளை வந்து சேர, எட்டு மாதம் முன்பு அவருக்குப் பூங்கொத்து கொடுத்து வழியனுப்பிவிட்டார்கள். மனிதர் அன்றிலிருந்து அலமாரியிலுள்ள டப்பாக்களை உயர வரிசையில் அடுக்குவதும், மறுநாள் அகரவரிசையில் அடுக்குவதுமாக இருந்தார். எதைக் கேட்டாலும் "ம்". சாப்பாடு எப்படி? ம். மழை வருமா? ம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சண்டையும் நின்றுபோனதுதான் அக்காவை அரித்தது.

அந்தச் சண்டை அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். மழை பெய்தால் போதும், ஆரம்பித்துவிடும். "இப்படித்தான் அன்னிக்கும். எட்டு மணி வரைக்கும் சைக்கிள் ஸ்டாண்டுல நனைஞ்சுக்கிட்டு நின்னேன்," என்பார் அவர். "யாரு நிக்கச் சொன்னா? எங்கிட்டச் சொன்னீங்களா?" என்பாள் இவள். "எழுதி வச்சேன்ல!" "எங்கே? காட்டுங்க பார்ப்போம்!" இந்த இடத்தில் அவர் தோற்றுவிடுவார். காட்ட ஒன்றும் இருக்காது. இருபத்தாறு வருடமாக அக்காவுக்குத்தான் வெற்றி. போன மாதம் ஊரே நனைகிற மாதிரி மழை கொட்டியது. அக்கா ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, டப்பா அடுக்கப் போய்விட்டார். பக்கத்து வீட்டிலேயே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சண்டையின் வேர், இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருக்கிறது. அப்போது இருவருக்கும் இதே அலுவலகம்தான். ஆள் அதிகம், கம்ப்யூட்டர் கொஞ்சம். ஒரே மெஷினில் காலையில் அவள், மதியத்துக்கு மேல் அவர். இரண்டு பேர் கையும் ஒரே டோக்கன் புரோகிராமின் ஃபைலில். ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவருக்குச் சொல்ல, ஃபைலின் முதல் ஐந்து வரியில் குறிப்பு எழுதி வைக்க வேண்டும் என்பது வழக்கம். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் குறிப்புதான். மனிதர்கள் மட்டும் படிப்பது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள். 'டோக்கன் எண் தவறாகக் கூடுகிறது, கவனிக்கவும்' என்று அவர் எழுதுவார். 'கவனித்தாயிற்று. கூட்டியது தாங்கள்தான்' என்று இவள் எழுதுவாள். 'கீபோர்டில் பிஸ்கட் தூள். தின்றவர் துடைக்கவும்.' 'தூள் நேற்று மாலையுடையது. ஆராய்ச்சி முடிந்தது.' முகம் பார்த்தது பத்து தடவை இருந்தால் அதிகம். காலையில் அந்த ஐந்து வரியைப் படிப்பதற்காகவே அக்கா அரை மணி நேரம் முன்னால் வந்த காலம் அது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வாட்ச்மேனுக்குத் தெரியும்.

திடீரென ஒருநாள் அவருடைய குறிப்பு வறண்டுபோனது. 'சரி செய்யப்பட்டது' என்று ஒரே வரி. இரண்டு வாரம் இப்படி. பொறுக்க முடியாமல் அவள் மதியம் வரை காத்திருந்து நேரில் கேட்க, "எழுதி வச்சு வரச் சொன்னேன், நீ வரல" என்று அவர் வெடிக்க, அந்தச் சண்டை எப்படியோ கல்யாணத்தில் போய் நின்றது. ஆனால் அந்தக் குறிப்பை அவரால் காட்ட முடியவில்லை. முந்தின நாள்தான் அந்த டோக்கன் புரோகிராமை வேறு பிரிவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். திறக்க இவர்களுக்கு அனுமதியில்லை.

அதே புரோகிராம்தான் போன வாரம் திரும்பி வந்தது. ஒரு மருத்துவமனையில் நோயாளிகளை வரிசையாகக் கூப்பிடுகிற பழைய டோக்கன் புரோகிராம். புதிய மொழியில் மாற்றி எழுத வேண்டும். மாப்பிள்ளை ஒரு மதியத்துக்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார். 'பழைய குறிப்புகளில் சொல்லப்பட்ட விதிகளையும் சேர்த்துள்ளேன்' என்று பெருமை வேறு. அக்காவும் அன்றைய அறுபதில் ஒன்றாகச் சம்மதம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை அலுவலகத்திலேயே ஓட்டிப் பார்த்தார்கள். பதினான்காம் டோக்கனுக்கு ஆள் வரவில்லை என்று போட்டதும் திரை நின்றுவிட்டது. தட்டினார்கள், திட்டினார்கள், அணைத்துப் போட்டார்கள். அசையவில்லை. சாயங்காலம் சரியாக ஆறு அடித்ததும் புரோகிராம் தானாக மூடிக்கொண்டது.

"அக்கா, இதென்ன பேய் பிடிச்ச மாதிரி இருக்கு? ஆறு மணி வரைக்கும் காத்திருந்துட்டு அதுவாப் போயிடுது!" என்றாள் டீம் லீடர்.

"மாப்பிள்ளைகிட்டயே கேளு."

கேட்டாள். பதில் பணிவாக வந்தது: 'பழைய ஃபைலின் கடைசி வரியில் உள்ள விதிப்படி செய்துள்ளேன்.' கீழே அந்த வரியையும் எடுத்துப் போட்டிருந்தது.

'நாளை ஆறு மணி வரை கீழே காத்திருக்கப்படும். வராவிட்டால் வெளியேறப்படும்..'

கடைசியில் இரண்டு புள்ளி. மளிகைச் சாமான் சீட்டில்கூட இரண்டு புள்ளி வைக்கிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. கோப்பையை அக்கா கீழே வைத்தாள். அதை டீம் லீடர் பார்த்ததே முதல் தடவை.

"எந்த லூசுக்கா இப்படி எழுதினது?"

"எங்க வீட்டு லூசு."

அந்தப் பெண்ணுக்கு வாய் மூடவில்லை. முழுக்கதையும் கறந்த பிறகு, "அப்போ தப்பு உங்க மேலதானேக்கா?" என்றாள் கூசாமல்.

திரையில் மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். 'இந்தக் குறிப்பு நிரலோடு தொடர்பற்றது. நிரந்தரமாக நீக்கிவிடவா?' பக்கத்தில் சம்மதப் பொத்தான். ஒரு தட்டு தட்டினால் இருபத்தாறு வருட வெற்றி சாகும்வரை பத்திரம். அக்கா விரலைத் தூக்கினாள். மனதில் டப்பாக்கள் உயர வரிசையில் வந்து நின்றன. விரலை மடக்கிக்கொண்டு, "அந்த வரி இருக்கிற பக்கத்தை ஒரு பிரிண்ட் எடும்மா," என்றாள். "அப்புறம் நீக்கிக்கோ."

வீட்டில் அவர் கரண்டிகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டு தடவை. காது சிவந்தது.

"பார்த்தியா! எழுதி வச்சேன்ல! வச்சேனா இல்லையா?"

"வச்சீங்க." அக்கா வாழ்க்கையில் சொன்ன கடினமான ஒரு சொல் அது.

"இருபத்தாறு வருஷம்! எட்டு மணி வரைக்கும் நின்னவனைப் பொய்யன் ஆக்கினியே!"

"குறிப்பு மேல அஞ்சு வரியிலதானே எழுதணும்? ரெண்டாயிரம் வரிக்குக் கீழ எவன் போய்ப் படிப்பான்?"

"மேல எழுதினா மேனேஜர் படிப்பாரே! அதான் கீழே எழுதினேன். கீழே வான்னுதானே எழுதினேன்!"

"அதுல 'வா'ன்னு எங்கே இருக்கு? காத்திருக்கப்படுமாம், வெளியேறப்படுமாம். நோட்டீஸ் போர்டா? மாப்பிள்ளையே ஏமாந்துட்டார். அதுவும் ஆறு மணி வரைன்னுதானே எழுதியிருக்கு? எட்டு எங்கேருந்து வந்துச்சு?"

அவர் காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தார். "எழுதினது ஆறு," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது. "நின்னது எட்டு."

பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். எட்டு மாதம் கழித்து ஆரம்பித்திருக்கிறது, ஒரு சொல் விட்டுப்போகக் கூடாதில்லையா?

"குடை எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

"குடையா? அந்தக் குடையை எங்கிட்டேருந்து வாங்கிட்டுப் போனதே நீதானே!" என்று அவர் ஆரம்பித்தார். சண்டையின் இந்தப் பகுதி குடியிருப்பில் யாருக்குமே தெரியாது.