கரண்டியாரின் நீண்ட மரணம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு போர்ப்படத்தில் செத்தவர். இது அவர் சொல்லித்தான் எல்லாருக்கும் தெரியும். பார்த்தவர் யாரும் இல்லை.

அவருடைய வாலிப வயதில் ஆற்றங்கரையில் படப்பிடிப்பு நடந்தது. கூட்டத்தோடு கூட்டமாக வேடிக்கை பார்க்கப் போனவரை இயக்குநர் விரலைச் சுண்டிக் கூப்பிட்டார். முகாம் சமையல்காரன் உடுப்பை மாட்டிவிட்டு, கையில் ஒரு நீளக் கரண்டியையும் கொடுத்தார். கொளுத்தும் வெயிலில் ஒரு பகல் முழுக்க அவர் குண்டடிபட்டுச் செத்தார். படம் வந்தபோது, சிப்பாய் ஒருவனின் தட்டில் அவர் சூப் ஊற்றுவது இருந்தது. அடுத்த கணமே அந்தக் கரண்டி சேற்றில் கிடந்தது. நடுவில் நடந்த சாவைக் காணோம்.

படம் பெரும்பேர் வாங்கியது. சேற்றில் கிடந்த அந்தக் கரண்டியைப் பார்த்து அழாதவர்கள் இல்லை. கரண்டிக்குக் கிடைத்த அனுதாபத்தில் ஒரு சொட்டுகூட அதைப் பிடித்திருந்தவருக்கு வரவில்லை, பட்டப்பெயர்தான் வந்தது. கடைத்தெருவில் அவர் அன்றைக்குக் கரண்டியார் ஆனவர், இன்னும் அப்படியே இருக்கிறார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கல்யாணமான புதிதில், டயர்க்கடை வைத்திருக்கும் மச்சினனிடம் வாய் தவறிப் பெருமையடித்துவிட்டார். குடும்பமே கிளம்பிப் போய்ப் படம் பார்த்தது. வெளியே வந்ததும் மச்சினன் ரொம்பப் பணிவாகக் கேட்டான்: “எப்ப செத்தீங்க அத்தான்? நான் பாத்ரூம் போயிருந்தப்பவா?”

அதோடு போயிற்று அவர் மானம். கல்யாண வீடு, காதுகுத்து, ஆஸ்பத்திரி எதையும் மச்சினன் விட்டுவைக்கவில்லை. கரண்டியார் காய்ச்சலில் படுத்தால் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இது நிஜமா, இல்லை இதையும் வெட்டிவிடுவார்களா என்று விசாரிப்பான். மனைவி தம்பியை அதட்டுவாள். ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அதட்டுவாள். அவளும் நம்பவில்லை என்பதுதான் கரண்டியாருக்கு ஆறாத புண்.

பேரன் பேத்தி எடுத்த பிறகு ஒரு நாள் பேப்பரில் செய்தி வந்தது. வெட்டிப் போட்ட சுருள்கள் ஏதோ கிடங்கில் கிடைத்துவிட்டனவாம். எல்லாவற்றையும் சேர்த்து ‘முழு வடிவம்’ வெளியிட்டிருக்கிறார்களாம். பழையதைவிட முக்கால் மணி நேரம் அதிகம். கரண்டியார் அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண் பரிசோதிக்க வந்தவர்களிடம் எழுத்துப் பலகைக்குப் பதிலாக அதையே நீட்டிப் படிக்கச் சொன்னார்.

ஊர் திரைக் கழகம் உடனே விழித்துக்கொண்டது. நூலகத்தின் மாடி அறையில் கூடும் இந்தக் கழகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு: முதலில் விவாதம், அப்புறம்தான் படம். படம் முடிந்ததும் எல்லாரும் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிடுவதால், மைக்குக்கு முன்னால் நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்திருக்கும். அதனால் வந்த ஏற்பாடு இது. படத்தைப் பார்த்து யாருடைய கருத்தும் கெட்டுப்போவதில்லை என்பது கூடுதல் வசதி. இந்த முறை, பழைய படமா முழு வடிவமா என்று விவாதித்து, கை தூக்கி ஓட்டெடுத்து, ஜெயித்ததைத் திரையிடுவது என்று முடிவாயிற்று.

நீளத்துக்குப் பேராசிரியர் பேசுவார். சுருக்கத்துக்குப் பல் டாக்டர். படத்தில் நடித்தவர்களில் பஸ் ஏறி வரக்கூடிய தூரத்தில் உயிரோடு இருந்தவர் கரண்டியார் ஒருவர்தான் என்பதால், சிறப்பு விருந்தினர் அவர். தயார் செய்துகொள்ளுங்கள் என்று முழு வடிவத்தின் டிஸ்க்கையும் கொடுத்தனுப்பினார்கள். அதைத் தொடுவதற்கு முன்பே, கரண்டியார் மச்சினனுக்குப் போன் போட்டு, குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது.

மறுநாள் மத்தியானம், மனைவி அக்கா வீட்டுக்குப் போன நேரத்தில், தனியாக உட்கார்ந்து பார்த்தார்.

குண்டு மார்பில் பட்டது. அவர் வயிற்றைப் பிடித்தார். ஒரு சுற்றுச் சுற்றி வானத்தைப் பார்த்தார். விழுந்தார். சரியாக விழவில்லை என்று தோன்றியதோ என்னவோ, எழுந்து மறுபடி விழுந்தார். எதிரில் இல்லாத யாரையோ கையை நீட்டி மன்னித்தார். உதடு துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. கடைசியில் ஒருவழியாக உயிரை விட்டார். விட்ட பிறகு ஒரு கண்ணை லேசாகத் திறந்து, கேமரா இன்னும் ஓடுகிறதா என்று பார்த்தார்.

கரண்டியார் டிஸ்க்கை வெளியே எடுத்தார். வீட்டிலிருந்த பழைய படத்தைப் போட்டார். சூப் ஊற்றுகிற பையன் சிரித்த முகமாக நல்லாத்தான் இருந்தான். அடுத்து, சேற்றில் கரண்டி. இத்தனை வருஷமாக அந்தக் கரண்டியைப் பார்த்தாலே அவருக்கு எரியும். இன்றைக்கு முதல் தடவையாகக் கண் கலங்கியது. ஐயோ, அந்தப் பையன் போயிட்டானே என்றிருந்தது. தன்னை வெட்டியெறிந்த எடிட்டரை மனசுக்குள் திட்டாத நாள் இல்லை. அந்த மனுஷன்தான் தன்னைக் கௌரவமாகச் சாகடித்திருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பழைய படம் ஜெயித்தால் ஆயுசுக்கும் பொய்யன். முழு வடிவம் ஜெயித்தால் மச்சினனுக்கு இன்னொரு ஆயுசுக்குத் தீனி. யோசித்துப் பார்த்ததில், பொய்யனாக இருப்பது பழகிப்போயிருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது, பழைய படத்தையே போடச் சொல்லிவிடலாமா என்று பார்ப்பதாக மனைவியிடம் சொன்னார். அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டாள்.

“செத்தேன் செத்தேன்னு தலைமுறைக்கும் சொன்னீங்க. காட்டறேங்கறப்ப வேண்டாங்கறீங்க. அவன் மூஞ்சிலே நான் எப்படி முழிக்கிறது?”

விவாதத்தன்று மாடி அறை நிரம்பிவிட்டது. மூன்றாம் வரிசையில் மனைவியும் மச்சினனும் மச்சினன் மனைவியும். மச்சினன் இதற்கென்றே புதுச்சட்டை போட்டிருந்தான்.

பல் டாக்டர் முதலில் பேசினார். கலை என்பது பிடுங்குவதில்தான் இருக்கிறது என்றார். ஒன்றைப் பிடுங்கினால்தான் மற்றது நேராக நிற்கும் என்றார். முழு வடிவத்தைத் தாம் பார்க்கவில்லை என்பதையும், கொள்கை காரணமாகப் பார்க்கப்போவதில்லை என்பதையும் ஒரே மூச்சில் அறிவித்தார். பலர் அதைத் துணிச்சல் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

பேராசிரியர் எழுந்து தண்ணீர் குடித்தார். போர் நீளமானது, ஆகவே போர்ப்படமும் நீளமாக இருக்கவேண்டும் என்று ஆரம்பித்தார். அந்தக் கணக்கில் இந்த முழு வடிவமே போதாது என்பதை அவர் கவனிக்கவில்லை. பிறகு சமையல்காரனின் மரணத்துக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டார். இரண்டு தடவை விழுவது மனித குலத்தின் இரண்டு வீழ்ச்சிகளாம். செத்த பிறகு திறக்கிறதே ஒரு கண், அது வரலாற்றின் கண்ணாம். அது நம் எல்லாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறதாம். எல்லாரும் திரும்பிக் கரண்டியாரின் கண்ணைப் பார்த்தார்கள். அவர் அதைத் துடைத்துக்கொண்டார்.

அவர் முறை வந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பழைய படமே போதுங்க. முழுப் படத்துல நான் சாகறது நல்லா இல்ல. எனக்கு நடிக்கத் தெரியல, அவ்வளவுதான்.”

பேராசிரியர் பரிவோடு புன்னகைத்தார். ஒரு கலைஞனுக்குத் தன் படைப்பின் ஆழம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றார்.

“ஆழமெல்லாம் இல்ல சார். கேமரா ஓடுதான்னு பாத்தேன்.”

“உங்களுக்கு அப்படித்தான் தோணியிருக்கும்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஓட்டெடுத்தார்கள். கழக உறுப்பினர்கள் மட்டும் என்று தலைவர் இரண்டு தடவை சொல்லியும் மச்சினன் நீளத்துக்கு இரண்டு கையையும் தூக்கினான். அவனை விட்டுவிட்டு எண்ணியபோதும் முழு வடிவம்தான் ஜெயித்தது. சேர்த்த காட்சிகள் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளப்போவதாகப் பல் டாக்டர் சபதம் செய்தார். எது சேர்த்தது, எது பழையது என்று தெரியாததால் முதலிலிருந்தே மூடினார். சீக்கிரமே குறட்டை கேட்டது.

விளக்கணைந்தது. கரண்டியார் வந்து மனைவிக்கும் மச்சினனுக்கும் நடுவில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூப் ஊற்றும் சத்தம் வந்தது. துப்பாக்கிச் சத்தம் வந்தது. முதல் தடவை விழுந்தது வரை சபை பொறுத்தது. எழுந்து மறுபடி விழுந்தபோது பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். மன்னிக்கும் கை நீண்டபோது சிரிப்பு இரண்டு வரிசை முன்னால் வந்துவிட்டது. உதடு துடிக்க ஆரம்பித்ததும் பாதி அறை குலுங்கியது. கரண்டியார் காது மடல் சூடேறி, மச்சினனிடமிருந்து வரவேண்டிய சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

வரவில்லை. நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்தான் வந்தது. மச்சினன் எழுந்து நின்று பின்பக்கம் திரும்பினான். அவன் தலையின் நிழல் திரையில் பெரிதாக, செத்துக்கொண்டிருந்தவரின் மார்பில் விழுந்தது.

“யாருய்யா அங்க சிரிக்கிறது? எங்க அத்தான் செத்துக்கிட்டிருக்காரு. ஒரு மரியாதை வேண்டாமா?”

யாரும் மூச்சுவிடவில்லை. பேராசிரியர்கூடப் பேனாவை மூடிவிட்டார். அந்த நிசப்தத்தில் கரண்டியார் தலையைத் தூக்கினார். திரையில் ஒரு பையன் செத்துக் கிடந்தான். சின்னப் பையன். மீசைகூடச் சரியாக வந்திருக்கவில்லை. கண்ணை லேசாகத் திறந்து, இன்னும் கொஞ்சம் இருக்கலாமா என்று கேட்பதுபோல் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. மனைவி இந்தப் பக்கமாகத்தான் திரும்பியிருந்தாள், ஆனால் முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள்.

மச்சினன் உட்கார்ந்து, இருட்டில் குனிந்து கேட்டான்:

“ரொம்ப வலிச்சுதா அத்தான்?”

“வெயில்தான் ஜாஸ்தி, மாப்ள.”

படம் முடிந்ததும் வழக்கம்போல எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். மச்சினன் மட்டும் மாடிப்படியில் பேராசிரியரை மடக்கிக்கொண்டான். அத்தான் கண்ணைத் திறந்த இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாமே, அவசரப்பட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்களே என்று ஆரம்பித்தவன், இதைவிட நீளமாக ஒன்று எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டான். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எந்தப் படமானாலும் ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும் என்று, தம் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னார்.

“ஏன் வெட்டணும்?” என்றான் மச்சினன், அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு.

கீழே தெருவிலிருந்து கரண்டியார், பஸ் வந்துவிட்டது என்று இரண்டு தரம் குரல் கொடுத்துப் பார்த்தார். மனைவி அவர் கையைத் தட்டி, பேசட்டும் விடுங்க, அடுத்த தெரு வரைக்கும் நடந்தால் ஆட்டோ கிடைக்கும் என்றாள்.