ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் தங்கையின் கணவர் சொன்னது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் கேட்டேன். அந்த வாக்கை முதல் பத்தியிலேயே மீறுகிறவன் நான் என்பதால், இனி சொல்வதையும் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

மாப்பிள்ளை ஒரு காகித ஆலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர். ஆலையின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு ஒரு வாய்க்கால் வழியாக ஆற்றில் சேர்கிறது. வாய்க்காலில் ஒரு சென்சார் தொங்கும். கால் மணிக்கு ஒருமுறை நீரின் அழுக்கை அளந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பும். எல்லைக்குள் இருந்தால் திரையில் பச்சை. மீறினால் சிவப்பு, பத்து நிமிடத்தில் நான்கு பேருடைய போன் அடிக்கும்.

ஒரு நாள் அதைக் கழற்றிக் கழுவி, காய்ந்துவிடக் கூடாதே என்று ஒரு சின்ன வாளி நல்ல தண்ணீரில் போட்டார். அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. போட்டது போட்டபடி ஓடினார். திரும்பி வந்தபோது நான்கு நாள் ஆகியிருந்தது. சென்சார் வாளியிலேயே கிடந்தது. திரை பச்சையாக இருந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்கு நாள். மன்னிக்கக்கூடிய தவறுதான் இல்லையா? இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

பனி விலகாத ஆற்றின் மேல் ஒற்றை நாரை

அதற்கு மேல் எழுதவில்லை. அந்த ஆற்றில் நான் நாரையைப் பார்த்ததே இல்லை. சுற்றுச்சூழல் என்று உட்கார்ந்தாலே பேனா தானாக ஒரு பறவையைத் தேடிப் போகிறது. இந்தக் கதையில் இருப்பது கைப்பிடி உடைந்து கம்பி கட்டிய ஒரு நீல வாளி.

இரண்டாவது தொடக்கத்தில் ஆலை முதலாளி மாப்பிள்ளையைக் கூப்பிட்டு மிரட்டினார். அதையும் அடித்தேன். யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

3

சென்சாரை எடுத்து மறுபடி வாய்க்காலில் தொங்கவிட வேண்டியதுதானே? நானும் கேட்டேன்.

"விட்டா என்னாகும் மச்சான்? நாலு நாளா கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி, ஒரே நிமிஷத்துல வாய்க்கா தண்ணியாயிடும். கோடு செங்குத்தா ஏறும். குருடன்கூடக் கண்டுபிடிப்பான்."

அதனால் கோட்டைப் படிப்படியாக ஏற்ற முடிவு செய்தார். தினமும் காலையில் வாளியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக் கொட்டுவார். வாய்க்காலிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு ஊற்றுவார். இரண்டு மூன்று மாதத்தில் வாளித் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அன்று சென்சாரைச் சத்தமில்லாமல் இடம் மாற்றிவிடலாம்.

[இடைக்குறிப்பு: மூன்று மாதம் தொடர்ந்து பச்சையாக இருக்கும் ஆலைக்கு ஒரு சலுகை உண்டு. மாதாமாதம் வந்து நீர் மாதிரி எடுக்கும் வாரிய ஊழியர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். ஒழுங்காக நடப்பவர்களை ஊக்குவிக்கும் விதி. படித்துப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. அந்த ஊழியரை ஆலையில் பாட்டில்காரர் என்பார்கள். வாய்க்கால் ஓரம் குனிந்து முதலில் மோந்து பார்ப்பார், பிறகுதான் பாட்டிலைத் திறப்பார். சென்சார் வாளிக்குப் போன பதினோராவது நாள், ஆலைக்கு மூன்று மாதம் நிறைந்தது. பாட்டில்காரர் வரவில்லை.]

ஆமாம், பதினோராவது நாள். நான்கு என்றுதான் சொல்லியிருந்தேன்.

4

இந்த மனிதரை ஒரு பாத்திரமாக என்னால் நம்ப முடியவில்லை. குழந்தையின் மருந்தை இரண்டு முறை அளந்து ஊற்றுகிறவர். பேருந்தில் மீதிச் சில்லறை கூடுதலாக வந்தால் திருப்பிக் கொடுக்கிறவர். இப்படிப்பட்டவர் தினமும் டம்ளரோடு வாய்க்காலில் இறங்குவாரா? கதையில் திருத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, போன ஞாயிற்றுக்கிழமை தங்கை சாப்பாட்டு மேசையில் சொன்னது நினைவுக்கு வந்தது.

"உங்க மாப்பிள்ளை பெரிய மனுஷன் ஆயிட்டாருண்ணே. இந்த வாரம் பூரா வீட்ல கேன் தண்ணிதான். குழாய்த் தண்ணில பல்லுகூடத் தேய்க்க விட மாட்டேங்கிறாரு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிளேடு வாங்க வேண்டும் என்று என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். போகிற வழியில்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

5

அந்த வாரத் தொடக்கத்தில், திங்கட்கிழமை, டம்ளரில் நாற்றம் அடித்திருக்கிறது. கையில் வைத்து அளக்கும் கருவியை வாய்க்காலில் விட்டுப் பார்த்திருக்கிறார். எல்லையைப் போல இரண்டு மடங்கு. சுத்திகரிப்புத் தொட்டியில் காற்று ஊதும் இயந்திரம் ஏதோ மக்கர் செய்கிறது.

அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாதா என்றேன்.

"அவங்களும் அதே திரையத்தான் பாக்கறாங்க மச்சான். அவங்களுக்கும் பச்சைதான்."

ஆற்றில் நான்கு கிலோமீட்டர் கீழே ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் இடம். தங்கை வீட்டுக் குழாயும் என் வீட்டுக் குழாயும் அங்கிருந்துதான். மெஷின் ரிப்பேர் என்று மட்டும் சொல்லிவிடுங்களேன் என்றேன். திரை பச்சையாக இருக்கும்போது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்றார். கடை வந்துவிட்டது. பிளேடு வாங்க மறந்து அங்கேயே நின்றோம்.

"நீங்கதான் கதை எழுதறவராச்சே," என்றார். "இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க."

6

முடிவு அ: அவர் போய்ச் சொல்லிவிடுகிறார். இயந்திரம் அன்றே சரியாகிறது. வேலை போகிறது, வழக்கும் வரலாம். ஆலை அறிக்கையில் "ஒரு தனிநபரின் கவனக்குறைவு" என்று எழுதுகிறது. தங்கை என்னோடு பேசுவதில்லை.

முடிவு ஆ: டம்ளர் தொடர்கிறது. ஒரு நாள் வாளியே சிவப்பாகிறது, நான்கு போன்கள் அடிக்கின்றன, எல்லாரும் ஓடி வந்து வாய்க்காலைப் பார்க்கிறார்கள். அதற்கு இன்னும் எத்தனை டம்ளர் என்று

இல்லை. இதை எழுதி முடிக்க மாட்டேன்.

முடிவு இ: நான் சொல்கிறேன். வாரியத்துக்கு ஒரு போன் போதும். பெயர்கூட வேண்டாம்.

இந்த மூன்றாவதை எழுதிவிட்டு ஒரு தேநீர் போடப் போனேன். தேநீர் தீர்ந்தும் போனை எடுக்கவில்லை. கதையை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். முதலில் நான்கு நாள். பிறகு பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னது பத்தொன்பது. அதைக் கேட்டே இன்றோடு மூன்று நாள் ஆகிறது. இருபத்திரண்டு. நீங்கள் திடுக்கிட்டு எழுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு டம்ளராக ஊற்றி வந்திருக்கிறேன்.

7

இன்று மதியம் நான் ஒரு கேன் தண்ணீர் வாங்கினேன்.

தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டு டெய்லரம்மா தெருக்குழாயில் வாளியை வைத்துவிட்டு நின்றிருந்தார். விருந்தாளியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே வந்து இந்த ஏழாவது பகுதியைத் தொடங்கினேன். இப்போது கேட் சத்தம். ஜன்னல் வழியே தெரிகிறார், கை ஈரத்தைப் புடவையில் துடைத்தபடி.

"சார், சும்மா கேக்கறேன். குழாய்த் தண்ணில ஏதாவதா?"

அவருக்குப் பின்னால் குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது. வாளி முக்கால் நிரம்பிவிட்டது. பேனாவை உங்களிடம் தருகிறேன். சீக்கிரம்.