இருவரும் ஒருவரே

குவைத் அரசு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகத் தேர்வான சந்தனமேரிக்கு வந்த கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. நாற்பது நாளுக்குள் அவளுடைய நர்ஸிங் சான்றிதழின் பின்பக்கத்தில் மூன்று முத்திரைகள் விழுந்திருக்க வேண்டும். முதலில் மாநில அரசு, அடுத்து டெல்லி, கடைசியில் குவைத் தூதரகம். கேரள எல்லையில் இருக்கும் தன் ஊரான கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் ஓடினால் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். பிரசவ வார்டில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். காத்திருக்கத் தெரியாதவள் அல்ல. ஆனால் அங்கே காத்திருந்தால் கடைசியில் ஒரு குழந்தையாவது வரும்.

படித்தது கோயம்புத்தூரில் என்பதால் முதல் முத்திரைக்கு மதராஸுக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது, தப்பு கிடைத்துவிட்டது. சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது மலையாளத்து ஹெட்மாஸ்டர் தம் காதில் விழுந்தபடி, இங்கிலீஷில் சி-எச் போட்டு அவள் பெயரை எழுதியிருந்தார். பாஸ்போர்ட்டும் அதைப் பார்த்தே ஆனது. சான்றிதழில் கோயம்புத்தூர்க்காரர்கள் எஸ் போட்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு உங்க ஊர் தாசில்தார்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கம்மா" என்று காகிதக் கட்டைத் திருப்பித் தள்ளினார்.

தாலுக்கா ஆபீசுக்கு அம்மா பிலோமியும் கூட வந்தாள். அது எழுபத்தாறாம் வருஷம், எமர்ஜென்சி காலம். சுவரில் 'நாவடக்கு, பணியெடு', அதாவது பேச்சை நிறுத்து, வேலையைச் செய் என்று மலையாளத்தில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். ஹெட் கிளார்க் அதில் முதல் பாதியை மட்டும் கடைப்பிடித்தார். அரை மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சி-எச் போட்ட மேரி ஆரு?"

"நானுங்க."

"எஸ் போட்ட மேரி?"

"அதும் நான்தானுங்க."

"நிங்கள் சொன்னால் போதுமோ? ரெக்கார்டில் ரெண்டு ஆளல்லோ!"

பிலோமிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, பெத்தவ நான் நிக்கறனுங்க. எனக்கு இவ ஒருத்திதானுங்க. ரெண்டு பெத்திருந்தா எனக்குத் தெரியாதுங்களா?"

"அம்மையுடே சாட்சி செல்லாது. சொந்தக்காரர் பொய் சொல்லும். அந்நியர் ரெண்டு பேர் வேணும். இவளைப் பிறந்தது முதல் அறிஞ்சவராயிருக்கணும்."

பிறந்தது முதல் அறிந்த அந்நியர்களுக்கு எங்கே போவது என்று சந்தனமேரி திகைத்தாள். போக வேண்டியிருக்கவில்லை. வாசலில் புளியமரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்தவர் சும்மா கையைக் காட்டினார். எதிரே பெட்டிக்கடை வைத்திருந்த அலவி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் பின்னால் மோர் விற்கிற பெரியமுத்து. அன்று காலையில் மட்டும் அலவி நாலு பேரைப் பிறந்தது முதல் அறிந்திருந்தார்.

"பேரென்ன கண்ணு?" என்று படியேறும்போது கேட்டார்.

"சந்தனமேரிங்க."

"இன்னொரு பேரு?"

"அதும் அதேதானுங்க."

"அப்ப நெனவு வெச்சுக்க லேசுதான்."

இந்தப் பெண்ணைத் தவழ்ந்த காலத்திலிருந்து தெரியும் என்று அலவி சத்தியம் செய்தார். பெரியமுத்து ஒரு படி மேலே போய், ஞானஸ்நானத்துக்கே தாம் போயிருந்ததாகவும் அன்று நல்ல மழை என்றும் சொன்னார். தினமும் அவரிடம் மோர் வாங்கிக் குடிக்கிற ஹெட் கிளார்க், புதிதாகச் சந்திக்கிறவர்போல் ஊரும் பேரும் கேட்டு எழுதிக்கொண்டார். சாட்சிக்கு ஆகாத பிலோமி சுவரோரம் நின்று தன் மகளின் ஞானஸ்நானக் கதையைக் கேட்டாள்.

வெளியே வந்ததும், "அவரு சொல்றதைக் கேட்டா எனக்கே மழை பெஞ்சாப்பல இருக்குது" என்றாள். சந்தனமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. சாட்சிகள் சொன்ன பொய்க்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தது கூச்சமாக இருந்தது.

'இருவரும் ஒருவரே' என்ற காகிதத்தில் தாசில்தார் கையெழுத்துப் போடப் பதினேழு நாள் ஆனது. அதோடு மறுபடி மதராஸ். அங்கிருந்து ரயிலில் உட்கார்ந்தபடியே டெல்லி. முப்பத்தெட்டாம் நாள், தூதரகத்து வரிசையில் நின்றபோதுதான் சான்றிதழின் பின்பக்கத்தை நிதானமாக வாசித்தாள். கல்லூரியின் கையெழுத்து உண்மையானது என்று மதராஸ் சொல்லியிருந்தது. மதராஸின் கையெழுத்து உண்மையானது என்று டெல்லி சொல்லியிருந்தது. உள்ளே எழுதியிருக்கும் விஷயத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் ஒரு வரியும் இருந்தது. அவளுக்கு முகம் சுட்டது. இத்தனை பெரிய தேசத்தில் அவள் நர்ஸ்தான் என்று சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அவள் ஒருத்திதான் என்று சொல்லவாவது ஒரு பெட்டிக்கடைக்காரர் இருந்தார்.

தூதரக அதிகாரி இளைஞர். முத்திரையை எடுத்தவர் என்ன தோன்றியதோ, காகிதத்தைத் திருப்பி முன்பக்கத்தை வாசித்தார். இந்த முப்பத்தெட்டு நாளில் அதைச் செய்த முதல் ஆள்.

"பிரசவம் பார்ப்பீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"நானூற்றுப் பன்னிரண்டு பார்த்திருக்கிறேன்" என்றாள். அந்தக் கணக்கை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். மனைவிக்கு எட்டாம் மாதம், தலைப்பிரசவம், இரண்டு நாளாகத் தலைவலி என்கிறாள். சந்தனமேரி மேஜைமேல் கையூன்றிக் குனிந்தாள். கால் வீங்கியிருக்கிறதா? கண் மங்குகிறதா? எப்போதிருந்து? அதிகாரி ஒவ்வொன்றுக்கும் பள்ளிப் பிள்ளைபோல் பதில் சொன்னார்.

"நாளைக்கு என்று வைக்காதீர்கள். இப்போதே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் அவசரமாக முத்திரையைக் குத்திவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த முத்திரையும் டெல்லியின் கையெழுத்து உண்மையானது என்றுதான் சொன்னது. அவருக்கும் வேறு முத்திரை கிடையாது.

அடுத்த மாதம் சந்தனமேரி விமானம் ஏறினாள். ஆஸ்பத்திரியில் சான்றிதழை வாங்கி, திருப்பிக்கூடப் பார்க்காமல் இரும்பு அலமாரிக்குள் போட்டுப் பூட்டினார்கள். பிறகு நர்ஸிங் தெரியுமா என்று பார்க்க அவளுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். பேனாவைத் திறந்து முதல் கேள்வியை வாசித்தபோது சந்தனமேரிக்கு நிம்மதியாக இருந்தது.