விளக்கு இறங்காத குழி

இறந்த தம்பியைக் குளிப்பாட்ட ஈரச் சாரத்தை அவிழ்க்கக் குனிந்த ரெங்கசாமியின் கை பாதியில் நின்றது. தம்பியின் இடுப்பில் மடிபோலக் கட்டியிருந்த சாக்குப் படங்கின் கயிறு வலப்பக்கம் முடிந்திருந்தது. பொன்னையா இடதுகைக்காரன். அவன் முடிச்சு எப்போதும் இடப்பக்கம்தான் விழும்.

யாரோ அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

"தண்ணிய ஊத்தவாண்ணே?" என்றான் குடத்தோடு நின்றவன்.

"இரு."

பண்ணையில் போட்டிருந்தது பிந்தி முற்றும் சோளம். மற்றச் சோளமெல்லாம் காய்ந்த பிறகும் பச்சையாக நிற்கும். மணியில் பால் இறுகும் பதத்தில் தாளோடு கதிரோடு வெட்டி, கத்தியால் நறுக்கி, ஆழக் குழியில் மிதித்து மூடினால் பண்ணை மாடுகளுக்கு வறட்சியில் புளித்த தீனி. புளிக்கும்போது குழியின் அடியில் விஷக்காற்று தங்கும். அதனால் காலையில் லாந்தரைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அது அணையாமல் இருந்தால்தான் ஆள் இறங்கலாம். அந்த வழக்கத்தைப் பண்ணையில் ஏற்படுத்தியவனே பொன்னையாதான். இன்று விடியலில் பாதி நிரம்பிய குழிக்குள் அவன் குப்புறக் கிடந்தான். முதலில் கண்டவன் பண்ணைக் கங்காணி இராமையா. விசாரணைக்கு வந்தவர் குழிக்காற்றால் சாவு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ரெங்கசாமி லயத்து வரிசை வீட்டின் வாசலுக்கு வந்தார். பந்தலுக்கடியில் இருந்தவர்களோடு இராமையாவும் நின்றான்.

"கங்காணி, விளக்கு எங்க?"

"எந்த விளக்குண்ணே?"

"விளக்கு இறக்காம என் தம்பி குழியில கால் வப்பானா? ஞாயித்துக்கிழம, வேல இல்லாத நாளு. யாரு அவன அங்க அனுப்புனது?"

"நா அனுப்பலண்ணே."

"அப்ப எதுக்குப் போனான்? கதிர் திருடவா?" குரல் உயர்ந்தது. "எங்க குடும்பத்துல எவனும் அடுத்தவன் பொருளத் தொட்டதில்ல. படங்குக் கயித்த அவுத்தது யாரு?"

"நாந்தான்."

"எதுக்கு?"

இராமையாவின் கண் ஒரு கணம் கதவோரம் இருந்த தம்பி மனைவி நல்லம்மாவின் பக்கம் போய்த் திரும்பியது. ரெங்கசாமி அதைப் பார்த்துவிட்டார். வேறொரு சந்தேகம் எழுந்தது. அதைப் பத்துப் பேர் நடுவில் சொல்ல நா கூசியது.

"என் வாசல்ல நிக்காத. போ."

இராமையா தலைத்துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

உள்ளே வந்து தம்பி மனைவியின் முன் நின்றார். "நல்லம்மா, உனக்கும் அந்தக் கங்காணிக்கும் என்ன பேச்சு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்துபோய் அடுப்படியில் மூடியிருந்த சட்டியைத் திறந்தாள். மஞ்சளாய்ச் சோளக் கஞ்சி. புளித்த வாடை அறையில் ஏறியது.

"ஒரு வாரமா இதான் மாமா. கடையில மாவு ஏது, அரிசி ஏது? நேத்து நீங்களும் குடிச்சீங்க. புளிக்குதேன்னீங்க. பழசுன்னு சொன்னேன்."

அவர் குனிந்து சட்டியை முகர்ந்தார்.

"காட்டுல ஒடிச்சா அந்திக்கு மடியத் தட்டிப் பாக்குறாங்க. குழியில போட்டத யாரு தேடப் போறான்னாரு உங்க தம்பி."

"விளக்கு?"

"வெளிச்சம் தெரிஞ்சா ஆளு வந்துரும்னு எடுத்துட்டுப் போகல."

வெளியே யாரோ இருமினார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"படங்குக்குள்ள அஞ்சு கதிர் இருந்துச்சாம். கங்காணி காத்துப் போகச் சாக்கால விசிறிட்டு எறங்கி, அத எடுத்துக் குழியிலேயே போட்டு மூடிட்டுத்தான் ஆளுங்களக் கூப்பிட்டாராம். என்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு. 'பெரியவருக்குத் தெரிய வேணாந் தங்கச்சி, தாங்க மாட்டாரு'ன்னாரு."

ரெங்கசாமி சட்டியை மூடினார். பிறகு திரும்பிப்போய் அந்த வலப்பக்க முடிச்சைத் தாமே அவிழ்த்தார்.

மூன்று மணிக்குப் பாடை கிளம்பியது. வலப்பக்க முன்கொம்பு மூத்தவருக்கு உரியது. அதில் அவர் தோள் கொடுத்தார். மயானத்துக்குப் பண்ணை வழியாகத்தான் போக வேண்டும். வெட்டிய பாதி அடித்தட்டையாகவும் வெட்டாத பாதி ஆளுயரப் பச்சையாகவும் சோளக்காடு கிடந்தது. அதன் கரையில் இராமையா தனியாக நின்றான்.

ரெங்கசாமி நின்றார். பாடையும் நின்றது.

"தோளு வலிக்குதாண்ணே?" என்றான் பின்னால் இருந்தவன்.

"உனக்கென்ன, சும்மா இரு."

இன்னொரு தோளுக்கு இடம்விட்டுத் தன் தோளை விலக்கி, கொம்பை இரு கையாலும் தாங்கிக்கொண்டு, நமுனுகுல மலைப் பக்கம் முகத்தைத் திருப்பியபடி நின்றார். பாடையை இறக்கவில்லை.

இராமையா செருப்பைச் சோளத் தட்டைகளுக்கிடையே கழற்றிப் போட்டுவிட்டு மேட்டில் ஏறி அந்தக் கொம்பை நோக்கி வந்தான்.