கடைசி நூறு அடி

தாமோதரன் வாழ்க்கையில் எதையும் முடித்ததில்லை. இந்தி பரீட்சையில் பாதி, டைப்ரைட்டிங்கில் பாதி, மாடியில் கட்டிய அறைக்கு இன்றுவரை கதவு கிடையாது. இதை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஆளிடம்கூடச் சொல்லிவிடுவாள் அவர் மனைவி பார்வதம். அதனால்தான் 2006 தை மாதம், ஊரின் நடைப்பயிற்சிக் குழு வேடந்தாங்கல் ஏரிக்கரையிலிருந்து முட்டுக்காடு படகுத்துறை வரை நடக்கப்போகிறது என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். நான்கு நாள் நடை. விதி ஒன்றே ஒன்று: முழுத் தூரமும் நடக்க வேண்டும்.

பதினேழு பேர் கிளம்பினார்கள். ஊருக்கு ஊர் ஒரு வரவேற்புக் குழு, ஊருக்கு ஊர் சால்வை. உச்சி வெயிலில் சால்வை போர்த்துகிற புண்ணியவான்களை என்ன சொல்லித் திட்டுவது! நடந்த களைப்பைவிட நன்றியுரை கேட்ட களைப்புதான் ஆளைச் சாய்த்தது. திருக்கழுக்குன்றத்தில் குழுத் தலைவர் ஜானகிராமன் காலில் கொப்புளம் என்று கூடவே வந்த வேனில் ஏறினார். சால்வைக்கு மட்டும் ஊர் எல்லையில் இறங்கிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள், இறங்கினார்கள். தாமோதரன் ஏறவில்லை. மாமல்லபுரம் தாண்டியதும் குதிகால் வெடித்துச் செருப்பெல்லாம் ரத்தம். இந்த ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

நான்காம் நாள் மாலை முட்டுக்காட்டில் தோரணம், மேளம், மைக். மேடைக்கு முன்னால் சுண்ணாம்பால் ஒரு எல்லைக்கோடு. அதற்கு இன்னும் நூறு அடி இருக்கும்போது அந்த அநியாயம் நடந்தது. நொண்டிக்கொண்டு வருபவரைப் பார்த்து மனசு இளகிய நாலு தடியர்கள் ஓடிவந்து, அவரை அலாக்காகத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

"டேய், எறக்குங்கடா! நான் நடக்கணும்டா!"

"நீ நடந்ததெல்லாம் போதும் அண்ணாத்த, சும்மா குந்துகினு வா!"

கோட்டைத் தாண்டி மேடையருகே இறக்கினார்கள். மாலையைப் போட்டார்கள். தாமோதரன் தேம்பி அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று ஜானகிராமன் மைக்கில் அறிவித்தார்.

தாமோதரன் மாலையைக் கழற்றிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தார். வரவேற்கக் காத்திருந்த பார்வதம் பின்னாலேயே ஓடினாள்.

"இன்னாங்க, எங்க போறீங்க? பேரு கூப்புடுறாங்க!"

"நூறு அடி பாக்கி கீது பார்வதம்."

பார்வதம் அவர் செருப்பைப் பார்த்தாள். கூடவே போனாள்.

தூக்கிய இடத்திலிருந்து மறுபடி முதல் அடி. மேடையில் பதினாறு பேருக்கும் 'முழுத் தூரமும் நடந்தவர்' என்று சான்றிதழ் கொடுத்து முடித்தார்கள். "தாமோதரன்... தாமோதரன்... ஆளைக் காணோம். வழக்கம்போலப் பாதியிலேயே கழண்டுக்கினாருபோல" என்றார் ஜானகிராமன். கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தாமோதரனின் ரத்தக் கால் கோட்டைத் தாண்டியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் சுண்டல் மடித்துக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஆளின் தோளைத் தட்டினாள் பார்வதம்.

"நல்லா பாத்துக்கய்யா. எங்க வூட்டுக்காரரு முடிச்சிட்டாரு."