மேசையைச் சுற்றிய செழியன்

சென்னையில் நடந்த பெரிய நைன்-பால் பில்லியர்ட்ஸ் போட்டியில், எங்கள் ஊர் உரக்கடைச் செழியன் தொழில்முறை சாம்பியனையே திணறடித்துவிட்டான். கடைசிப் பந்தைக் குழியில் தள்ளினால் அவனுக்கு அடுத்த சுற்று. அடிக்க அரை நிமிடம்தான் அவகாசம்.

நிற்க வேண்டிய இடம் வலப்பக்கம் இரண்டே எட்டு. ஆனால் திருவண்ணாமலை கிளப்பில் நாங்கள் மேசையையும் மலையைப் போல வலம்தான் வருவோம்; இடப்பக்கமாகத்தான் கிளம்புவோம். பழக்கதோஷத்தில் அவன் முழு மேசையையும் சுற்றக் கிளம்பினான்.

"டேய், இப்படியே திரும்புடா!" என்று கத்தினேன். அவன் குனிந்து குறிபார்ப்பதற்குள் மணி அடித்துவிட்டது. வாய்ப்பு கைமாறியது. சாம்பியன் அலட்டிக்கொள்ளாமல் பந்தைக் குழியில் போட்டு ஜெயித்தார்.

"ஏன் தம்பி, இந்தப் பக்கமா வந்திருக்கலாமே?" என்றார் கைகுலுக்கியபடி.

"கால் வரலைங்க. அடுத்த தபா இன்னும் வேகமா சுத்தறேன்."